அப்பாவின் விரலை எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. காரைக்குடி பக்கம் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். பதினாறு வருடமாகச் சர்க்கரை நோய். வலது கால் பெருவிரலுக்கு அடியில் இருந்த காய்ப்பை பிளேடால் அவரே சீவிக்கொண்டார். அது புண்ணாகி ஐந்து வாரமாகிறது. பக்கத்து கிளினிக்கில் தினமும் கட்டு மாற்றுகிறார்கள், இரண்டு முறை ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார்கள். 300-க்கு மேல் இருந்த சுகர் இப்போது 140-க்கு வந்துவிட்டது, புண் மட்டும் அப்படியே இருக்கிறது. "வலியே இல்லையே" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். வீட்டில் அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போடுகிறார். இன்னொரு மருத்துவமனையில் பெருவிரலை எடுத்துவிடலாம் என்கிறார்கள். எடுத்துத்தான் ஆக வேண்டுமா? சுகர் இறங்கியும் புண் ஏன் ஆறவில்லை? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவதாக வேண்டுதல் வேறு இருக்கிறது. அம்மாவுக்கும் நான்கு வருடமாகச் சர்க்கரை. அவருக்கு இப்படி வராமல் இருக்க என்ன செய்யலாம்?

– வாசகி, காரைக்குடி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

புண்ணைக் கண்ணால் பார்க்காமல் விரலை எடுக்கலாம் என்றோ வேண்டாம் என்றோ யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த முடிவுக்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய சில காரியங்கள் உங்கள் கடிதத்தில் இல்லை. புண் எலும்பு வரை போயிருக்கிறதா என்று பார்த்தார்களா? காலுக்கு ரத்தம் ஒழுங்காக வருகிறதா என்று சோதித்தார்களா? இதையெல்லாம் விட என் கண்ணில் பட்டது, அப்பா இன்னும் அந்தக் காலை ஊன்றி நடந்து கடைக்குப் போகிறார் என்பது. ஐந்து வாரமாகப் புண் ஆறவில்லை என்றால், மருந்தைக் குறை சொல்வதற்கு முன் நான் அந்த நடையைத்தான் சொல்வேன்.

அதற்கும் முன்னால் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்ததும் கட்டைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். புண்ணைச் சுற்றிய சிவப்பு இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரவியிருந்தாலோ, பாதத்தின் மேல்பக்கம் வீங்கியிருந்தாலோ, கெட்ட நாற்றம், சீழ், கறுப்பு நிறம் இருந்தாலோ, காய்ச்சலும் குளிரும் இருந்தாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். விடியட்டும் என்று இருக்க வேண்டாம். இன்னொரு அடையாளமும் உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. சாப்பாடும் மருந்தும் மாறாமல் இருக்கும்போதே சுகர் திடீரென்று ஏறினால், உள்ளே சீழ் கோத்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். வலி இல்லை என்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. உள்ளங்கால் முழுக்கச் சீழ் வைத்த பிறகும் தாங்கித் தாங்கிக்கூட நடக்காமல், சாதாரணமாக நடந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

பல வருடச் சர்க்கரை பாதத்தின் நரம்புகளைக் கெடுத்துவிடுகிறது. சிலருக்கு முதலில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, மதமதப்பு என்று ஆரம்பிக்கும். சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் மரத்துப்போகும். அதே நரம்புக் கோளாறால் பாதத்தில் வியர்வை சுரப்பது குறைந்து தோல் காய்ந்து வெடிக்கிறது. விரல்களின் சிறு தசைகள் சூம்பி, விரல்கள் நண்டுக்கால் மாதிரி மடங்கிக்கொள்கின்றன. உடம்பின் பாரம் பெருவிரலின் அடிமூட்டில் போய் இறங்குகிறது. அந்த இடத்துத் தோல் தன்னைக் காத்துக்கொள்ளக் காய்ப்புப் பிடிக்கிறது. ஆனால் அந்தக் காய்ப்பே கல் மாதிரி உள்ளிருந்து அழுத்த ஆரம்பித்துவிடும். காய்ப்பை முறையாகச் சீவி எடுத்தாலே அந்த இடத்து அழுத்தம் ஏறத்தாழ கால் பங்கு குறையும். ஆக, காய்ப்பை எடுக்க வேண்டும் என்று அப்பா நினைத்தது சரிதான். உணர்ச்சி இல்லாத காலில், குனிந்து பார்க்க முடியாத இடத்தில், தானே பிளேடு போட்டதுதான் வினை. மருந்துக்கடையில் கிடைக்கும் கால் ஆணி பிளாஸ்திரியும் இதே ரகம். அதில் உள்ள அமிலம் ஆணியோடு நல்ல தோலையும் சேர்த்து அரித்துவிடும்.

வலி இல்லாமல் போவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை மருத்துவ உலகம் நம் வேலூரிலிருந்துதான் நன்றாகக் கற்றுக்கொண்டது. 1946-இல் அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்று கண்டார். உணர்ச்சி இல்லாததால் சுட்டுக்கொண்டு, அடிபட்டு, அடிபட்ட இடத்திலேயே மறுபடி அடிபட்டுத்தான் தேய்ந்து போகின்றன. தூக்கத்தில் எலி கடிப்பது கூடத் தெரியாதவர்கள் இருந்ததால் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள் என்பது அங்கே நடந்த கதை. 1966-இல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். தொழுநோய்ப் புண்ணுக்குச் செய்த வைத்தியம் சர்க்கரைப் புண்ணுக்கும் பொருந்துவது அங்கிருந்து பரவலாகத் தெரியவந்தது. அந்த வைத்தியத்தின் அடிப்படை, புண்ணின் மேல் பாரம் விழாமல் செய்வது. (எலி கடித்த காலோடு வரும் சர்க்கரை நோயாளிகளை இன்றைக்கும் பார்க்கிறோம். வீட்டில் எலி நடமாட்டம் இருந்தால் அப்பா தரையில் படுக்க வேண்டாம்.)

இப்போது அப்பாவின் நாளை நினைத்துப் பாருங்கள். இஸ்திரி மேசைக்கு முன்னால் காலை முதல் நின்றபடி வேலை. வலது கையால் பெட்டியை அழுத்தித் தள்ளும்போது உடம்பு முன்னால் சாயும், பாரம் முன்பாதத்துக்குப் போகும். புண் இருப்பது சரியாக அங்கேதான். காலையில் கட்டுப் போடும் நர்ஸ் என்ன மருந்து வைத்தாலும், ராத்திரிக்குள் அந்த இடம் ஆயிரக்கணக்கான முறை நசுங்கிவிடுகிறது. புதிதாக முளைக்கும் சதை அன்றன்றைக்கே செத்துப்போகிறது. நமக்கு இந்த இடத்தில் ஒரு சிறு கொப்புளம் வந்தாலே காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்போம். அவருக்கு அந்தத் தடுப்பு இல்லை.

இதற்கு நல்ல வைத்தியம், பாதத்தையும் கெண்டைக்காலையும் ஒட்டினாற்போல் முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை போடும் ஒரு வகை மாவுக்கட்டு. டி.சி.சி. என்று சொல்வார்கள். எலும்பு முறிவுக்குப் போடும் கட்டு மாதிரி தடிமனாகப் பஞ்சு வைக்காமல், பாதத்தின் வடிவத்துக்கே படிய வைத்துப் போடுவார்கள். பாரம் ஒரே புள்ளியில் விழாமல் உள்ளங்கால் முழுக்கவும் கெண்டைக்காலுக்கும் பிரிந்துபோகும். வீக்கம் வடிந்து கட்டு தளர்ந்துவிடும் என்பதால் முதல் கட்டை இரண்டு மூன்று நாளில் மாற்றுவார்கள். பிறகு வாரத்துக்கு ஒரு முறை போல. ரத்த ஓட்டம் சரியாக இருந்து, கிருமித் தொற்றும் கட்டுக்குள் இருந்தால், உள்ளங்கால் புண்கள் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் மூடிக்கொள்கின்றன. ரத்த ஓட்டம் மோசமாக இருந்தாலோ, சீழ் இருந்தாலோ இந்தக் கட்டைப் போடக் கூடாது. போடத் தெரிந்தவர்தான் போட வேண்டும், இல்லையென்றால் கட்டே புதுப் புண்ணை உண்டாக்கும்.

கழற்றி மாட்டும் பூட்ஸ் வசதியாயிற்றே என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் அப்பா கேட்பார். அப்படிப்பட்ட பூட்ஸ் போடச் சொல்லப்பட்ட நோயாளிகளுக்குத் தெரியாமல் அவர்களின் காலடிகளைக் கருவி வைத்து எண்ணிய ஓர் அமெரிக்க ஆய்வு 2003-இல் வந்தது. அவர்கள் எடுத்து வைத்த அடிகளில் 28 சதவீதம்தான் பூட்ஸோடு. மற்றதெல்லாம் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தவை. அதனால்தான் கழற்ற முடியாத கட்டையே முதலில் சிபாரிசு செய்கிறோம். அது கிடைக்காத ஊரில், முன்பாதம் தரையில் படாமல் குதிகாலில் பாரம் தாங்கும் செருப்பு, புண்ணைச் சுற்றி மட்டும் ஒட்டும் தடித்த ஃபெல்ட் பட்டை, ஊன்றுகோல், வாக்கர் என்று கிடைப்பதைக் கொண்டு சமாளிக்கலாம். எதுவாக இருந்தாலும் வீட்டுக்குள்ளும் போட்டிருக்க வேண்டும்.

கடையை மூடச் சொன்னால் அவர் கேட்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். புண் ஆறும் வரை துணியை வாங்குவது, மடிப்பது, கணக்குப் பார்ப்பது அவர் வேலையாக இருக்கட்டும், பெட்டி தேய்க்க ஓர் ஆளை வையுங்கள். அதுவும் முடியாது என்றால் மேசையின் உயரத்தைக் குறைத்து, உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து தேய்க்கட்டும், வலது காலை இன்னொரு ஸ்டூலின் மேல் வைத்துக்கொண்டு. கரிப்பெட்டியாக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நெருப்புத் துணுக்கு தெறித்துப் பாதத்தில் விழுந்தால் அவருக்குத் தெரியாது, தோல் தீய்ந்த நாற்றம் வந்தால்தான் தெரியும். கடையில் மூடிய செருப்பு இல்லாமல் நிற்கவே கூடாது.

சரி, விரல் விஷயத்துக்கு வருகிறேன். அதை எடுக்கலாமா என்பதற்கு இரண்டு கேள்விகள். ஒன்று எலும்பு. நுனி மழுங்கிய மெல்லிய உலோகக் கம்பியைச் சுத்தம் செய்து மருத்துவர் புண்ணுக்குள் விட்டுப் பார்க்கும்போது, கல்லில் பட்டது போல் 'டக்' என்று தட்டினால் எலும்பு வரை போய்விட்டது என்று அர்த்தம். எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். எலும்பு அரிப்பு எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால், முதல் படத்தில் ஒன்றும் இல்லை என்று நிம்மதியடைந்துவிடக் கூடாது. மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். எலும்பில் தொற்று இருந்தாலும் உடனே விரலை எடுத்தாக வேண்டும் என்பதில்லை. தொற்று சிறிய அளவில் இருந்தால், புண்ணின் ஆழத்திலிருந்தோ எலும்பிலிருந்தோ திசு எடுத்து, எந்தக் கிருமி என்று பார்த்து, ஏறத்தாழ ஆறு வாரம் சரியான ஆன்டிபயாடிக் கொடுத்துக் காப்பாற்ற முடிகிறது. சில சமயம் கெட்ட எலும்புத் துண்டை மட்டும் எடுத்தால் போதும். புண்ணின் மேற்பரப்பைப் பஞ்சால் துடைத்து அனுப்பும் பரிசோதனையை நம்பி மாத்திரை மாற்றிக்கொண்டிருப்பதில் பிரயோசனம் குறைவு, தோலில் குடியிருக்கும் கிருமியெல்லாம் அதில் வரும்.

இரண்டாவது ரத்த ஓட்டம். இதைப் பார்க்காமல் கத்தியைத் தொடுவது தவறு என்பேன். ரத்தம் வராத இடத்தில் விரலை எடுத்தால் எடுத்த காயமும் ஆறாது. அப்புறம் பாதி பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழ் என்று ஏறிக்கொண்டே போகும். பாதத்தின் மேல்பக்கத்திலும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி அடிக்கிறதா என்று முதலில் தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு ரத்த ஓட்டத்தை ஒலி அலையால் அறியும் டாப்ளர் கருவி வைத்துக் கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடுவார்கள். இந்த விகிதம் 0.9-க்குக் கீழ் இருந்தால் அடைப்பு. ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துப்போவதால், அடைப்பு இருந்தும் விகிதம் நன்றாக இருப்பதுபோல் காட்டிவிடும். 1.3, 1.4 என்று வந்தால் சந்தோஷப்படாமல், கால் விரலில் அழுத்தம் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அது 30-க்குக் கீழ் இருந்தால் ரத்தக்குழாய் நிபுணரை உடனே பார்க்க வேண்டும். பலூன் வைத்து அடைப்பைத் திறந்தோ, பைபாஸ் செய்தோ ரத்தத்தைக் கொண்டுவந்த பிறகு புண் ஆற ஆரம்பிப்பதைப் பார்க்கலாம். அப்பாவுக்குப் பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இந்த இடத்தில் விட்டுத்தான் ஆக வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, எலும்பு நொறுங்கிவிட்டது, விரல் கறுத்துவிட்டது, சீழ் பாதத்துக்குள் ஏறுகிறது என்று மருத்துவர் சொன்னால் மறுக்காதீர்கள். 'விரலை எடுத்தால் காலும் போய்விடும்' என்று பயந்து தள்ளிப்போட்டவர்கள்தான் அதிகம் காலை இழக்கிறார்கள். அதே சமயம், புண் ஆறவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பெருவிரலை எடுப்பது எனக்குச் சம்மதமில்லை. பெருவிரல் போனால் அது தாங்கிய பாரம் அடுத்த விரல்களின் அடிக்குப் போகும், கொஞ்ச நாளில் அங்கே புண் வரும். குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநார் இறுக்கமாக இருந்தால், அதைச் சற்று நீளமாக்கும் சிறு அறுவை சிகிச்சையே முன்பாதத்தின் பாரத்தைக் குறைத்துவிடும். இதையும் கேட்டுப் பாருங்கள்.

சுகர் 140-க்கு வந்தது நல்ல செய்தி. கிருமியோடு போராட உடம்புக்கு அது தேவை. ஆனால் பதினாறு வருடத்தில் கெட்ட நரம்பு ஐந்து வாரத்தில் திரும்பாது, சுகர் குறைந்ததால் பாதத்தின் மேல் விழும் பாரமும் குறையாது. தற்காலிகமாக இன்சுலின் போடச் சொன்னால், ஆரம்பித்தால் விட முடியாதே என்று தயங்க வேண்டாம். புண் ஆறியதும் மாத்திரைக்குத் திரும்பியவர்கள் நிறைய.

அம்மாவிடம் மஞ்சளை நிறுத்தச் சொல்லுங்கள், பக்குவமாகத்தான். மஞ்சளும் காபித்தூளும் கேப்ஸ்யூலை உடைத்துத் தூவும் பொடியும் எல்லாம் புண்ணின் நிறத்தை மறைத்துவிடும். சிவப்பா, வெளுப்பா, கறுப்பா என்பதை வைத்துத்தான் நாங்கள் முடிவெடுக்கிறோம். புண்ணைச் சலைன் நீரில் கழுவி, விளிம்பில் கட்டியாக நிற்கும் காய்ப்பையும் செத்த சதையையும் மருத்துவர் சீவி எடுத்து, ஈரம் காக்கும் சாதாரணக் கட்டுப் போட்டாலே பெரும்பாலும் போதும். விலை கூடிய மருந்துப் பட்டைகள் அந்தச் சீவலுக்கு ஈடாகாது. உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊற வைப்பது கூடவே கூடாது. சூடு தெரியாத காலில் கொப்புளம் கிளம்பி வந்தவர்கள் ஏராளம்.

உங்கள் வீட்டில் பத்தியம் நடக்கிறதா என்று தெரியவில்லை. புண் இருந்தால் முட்டை, மீன், கத்தரிக்காய் எல்லாம் சீழ் பிடிக்க வைக்கும் என்று நிறுத்திவிட்டு ரசம் சாதம் மட்டும் கொடுப்பார்கள். சதை வளரப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் கொடுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் அதிகமாக இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் சரியாக நடந்தால் நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து வாரம் ஒரு முறை போனில் படம் எடுத்து வையுங்கள். குறையவில்லை என்றால் எலும்பு, ரத்த ஓட்டம், பாரம் மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டும். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தைப் பற்றியும் அங்கே விசாரியுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

பழனி இந்தத் தைக்கு வேண்டாம். காரைக்குடிப் பக்கத்துப் பாதயாத்திரையின் அருமை தெரிந்துதான் சொல்கிறேன். புண் ஆறிய பிறகும், வெறுங்காலோடு அவ்வளவு தூரம் அவருக்கு இனி ஆகாது. பஸ்ஸில் போய், ரோப் காரிலோ விஞ்சிலோ மலையேறி, கல் சுடாத விடியற்காலையில் தடித்த காலுறையோடு தரிசனம் செய்துவிட்டு வரட்டும். முருகனுக்குத் தெரியாததா?

ஒரு முறை ஆறிய புண் ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்குத் திரும்பி வருகிறது. அதனால் புண் மூடிய அன்றைக்கே பழைய ரப்பர் செருப்பை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் வைத்து, பின்னால் வாரும் வெல்க்ரோவும் உள்ள செருப்பாக, அவர் பாதத்தை அளந்து செய்ததாக இருக்க வேண்டும். விரலிடுக்கில் பிடிக்கும் வார் வேண்டாம். போடும் முன் செருப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு உள்ளே கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி நீங்களோ அம்மாவோ உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். காய்ந்த தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். எப்போதாவது ஒரு பாதம் மட்டும் மற்றதை விடச் சூடாக, சிவந்து, வலியில்லாமல் வீங்கினால், புண் இல்லாவிட்டாலும் காலை ஊன்றாமல் மருத்துவரிடம் போக வேண்டும். உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம், முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம்.

அம்மாவுக்கு இன்றைக்கே வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். கருவி எதுவும் வேண்டாம். படுக்க வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவர் கால் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக ஓரிரு விநாடி லேசாகத் தொடுங்கள். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். அழுத்தவோ தட்டவோ வருடவோ கூடாது. தொட்டது தெரியும்போது வலதா இடதா என்று அவராகச் சொல்ல வேண்டும். 'இப்போ தெரியுதா?' என்று நீங்கள் கேட்டால் எல்லா அம்மாக்களும் 'தெரியுது' என்றுதான் சொல்வார்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது, அவருக்கும் பாதப் பரிசோதனையும் தகுந்த செருப்பும் இப்போதே தேவை. ஆறும் தெரிந்தால் வருடம் ஒரு முறை மருத்துவரிடம் பாதத்தைக் காட்டினால் போதும். மெட்டி இறுகி, விரல் பிதுங்கியிருந்தால் அதை மட்டும் தளர்த்திப் போடச் சொல்லுங்கள்.